குல்லாவுக்குள் அரிப்பு

கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் என்றால் எந்நேரமும் ரத்தம், எலும்பு முறிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் சொறிகிற தலைகள்தான். ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழிற்சாலை எங்களுடையது. பெயின்ட் லைனில் நிற்பவர்கள் தலையையும் கழுத்தையும் மூடுகிற குல்லா போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். லைனுக்கு ஏசி உண்டு, குல்லாவுக்குள் கிடையாது. ஷிப்ட் முடிந்து அதைக் கழற்றியதும் பாதிப் பேர் இரண்டு கையாலும் தலையைச் சொறிவார்கள். சொறிந்துகொண்டே என்னிடம் வருவார்கள்.

எனக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பிசுக்கும் அரிப்பும் உண்டு. அதனால் நான் மேடையிலிருந்து பேசவில்லை. இதைப் படிக்கும்போதே உங்கள் கை தலைக்குப் போயிருந்தால் நீங்களும் நம் கட்சிதான்.

கிரீஸ் சோப்பு

மெயின்டனன்ஸில் ஏழுமலை என்று ஒருவர், பென்னலூர்க்காரர். ஒருநாள் தலை முழுக்கச் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்து, தொட்டாலே சுருங்கிக்கொள்கிற நிலையில் வந்து உட்கார்ந்தார். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். ஷாம்பு, சீயக்காய், எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகு, கையில் ஒட்டிய கிரீஸைப் போக்க மெஷின் பக்கத்தில் வைத்திருக்கும் மணல் மாதிரியான சோப்பைத் தலையில் தேய்த்துக் குளித்ததாக ஒத்துக்கொண்டார். ஒரு வாரமாக, தினமும்.

தலையில் சுரக்கிற எண்ணெய் அழுக்கு அல்ல, சுரண்டி எடுத்தால் தோல் புண்ணாகி இன்னும் அதிகமாகச் செதில் உதிரும் என்று எனக்குத் தெரிந்தவரை பொறுமையாகச் சொன்னேன். அவருக்கு என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்டார்: "இன்னா சிஸ்டர், கியர் பாக்ஸ் கிரீஸே போவுது, நம்ம மண்டைல கீற பிசுக்கு போவாதா?"

அம்மாவின் எண்ணெய்

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பெயின்ட் லைனில் பயிற்சிக்கு வந்திருந்தாள், கம்பெனி பஸ்ஸில் படப்பை ஹாஸ்டலிலிருந்து வருவாள். காதுக்குப் பின்னாலும் முன்நெற்றி ஓரத்திலும் மஞ்சளாக, எண்ணெய் ஊறிய செதில். எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பெயின்ட் லைனில் தலைக்கு எண்ணெய் கூடாது. அது எப்படியாவது பம்பரில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழி விழும். அதனால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவள் பின்கழுத்து மட்டும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது.

தினமும் ராத்திரி அம்மா வீடியோ காலில் வருவாளாம். மகள் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போனை வைப்பாளாம். இவள் விடியற்காலையில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு லைனுக்கு வந்துவிடுவாள். எல்லார் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை குடியிருக்கிறது, எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு, நீ தினமும் விருந்து வைக்கிறாய் என்றேன். இந்தப் பொடுகு சுத்தக்குறைவால் வருவதில்லை, பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒட்டாது என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எங்கள் அறைக்கு வந்துபோகிற டாக்டர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார்: வாரம் இருமுறை, நுரையைத் தலையில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசவேண்டும், ராத்திரி எண்ணெயை நிறுத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "திடீர்னு எண்ணெய நிப்பாட்டுனா நான் யாரையோ காதலிக்கேன்னு எங்கம்ம நெனச்சிருவா, அக்கா."

வெள்ளைப் புள்ளி

அடுத்த வாரமே அவளுடைய சூப்பர்வைசர் தனசேகர் வந்தார். பெயின்ட் காய்ந்த பம்பர்களில் உள்ளே சிக்கிய வெள்ளைப் புள்ளிகள் தென்படுகின்றன, காலை மீட்டிங்கில் தினமும் தன்னை நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள் என்றார். லைனில் குல்லாவுக்கு மேலேயே சொறிகிறவள் இசக்கிதான், அதனால் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றப்போகிறேன், பெயின்ட் லைனுக்கு ஒத்துவராது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

அந்த ஒரு வார்த்தையின் எடை எனக்குத் தெரியும். பயிற்சி முடிகிறபோது பெயின்ட் லைனில் இருப்பவர்களைத்தான் பெர்மனன்ட் ஆக்குவார்கள். பேக்கிங்கில் இருப்பவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். நாங்குநேரியில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், வேலை நிலைத்தால் மட்டும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதாகப் பேச்சு. மருந்துக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்டேன். தனசேகர் மோசமானவர் இல்லை, தூக்கமில்லாதவர், அவ்வளவுதான். கண்ணைக் கசக்கி, புருவத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "பயிற்சி முடியிற வரைக்கும் பாக்குறேன் சிஸ்டர். பம்பருக்கு லீவு குடுக்க முடியாது, ஆளைத்தான் மாத்த முடியும்."

ஐந்து நிமிடம்

ஷாம்பு ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியும் செதில் அப்படியே இருந்தது. எண்ணெயை நிறுத்திவிட்டாள், அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்தாளாம், காதல் இல்லை என்று. பிறகு ஏன் குறையவில்லை? துருவிக் கேட்டதில் உண்மை வந்தது. ஹாஸ்டலில் ஒரு மாடிக்கு ஒரு பாத்ரூம். உள்ளே போனவுடன் வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள், கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். தலையில் போட்ட வேகத்தில் அலசிக்கொண்டு ஓடி வருகிறாள். மருந்து தலைக்கு வந்ததே தவிர, தங்கவில்லை. டாக்டர் எழுதிய ஐந்து நிமிடம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அன்றைக்கு எனக்கே அலுத்துப்போய்விட்டது.

அவளேதான் வழி கண்டுபிடித்தாள். மாடிப்படி ஓரத்துக் குழாயில் தலையை நனைத்து, அங்கேயே ஷாம்புவைத் தேய்த்து, நுரையும் துண்டுமாக வந்து பாத்ரூம் வரிசையில் நின்றாள். முறை வருவதற்குள் மருந்து ஊறிவிடும். முதல்நாள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு பக்கத்து அறைப் பெண் நுரையோடு வந்து பின்னால் நின்றாள், அப்புறம் அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அந்த மாடியில் தலை அரிக்காதவள் யாருமே இல்லை என்பது அதுவரை ஒருத்திக்கும் தெரியாது. இசக்கி முதல்முறையாக என் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இப்பம் நொரை இல்லாம வரிசையில நின்னா, புதுசா வந்தவளான்னு கேக்காளுவ, அக்கா."

புருவம்

பயிற்சி முடிகிற சமயத்தில் அவள் தலை சுத்தமாக இருந்தது. ஆனால் பம்பரில் புள்ளி நிற்கவில்லை. தனசேகர் வந்து நின்றார், கையில் செல்போனில் புள்ளியின் படம். பெர்மனன்ட் லிஸ்டுக்கு இன்றைக்குள் பெயர்களைக் கொடுக்கவேண்டும், இசக்கி பெயரைச் சேர்க்கப்போவதில்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசும்போது வழக்கம்போல விரலால் புருவத்தைத் தேய்த்தார். மேசைக் கண்ணாடிமேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து செதில் படிந்திருந்தது. இந்த நோய் தலையோடு நிற்காது, புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் தாடிக்கும் வரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். கடைசிக் கோட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு பம்பர்மேலும் குனிந்து உற்றுப் பார்க்கிறவர் யார் என்று கேட்டேன். அவர்தான். சரியாகத் தெரியவில்லை என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குல்லாவை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் பார்ப்பாராம்.

மேசைமேல் விழுந்ததைக் காட்டினேன். அதைக் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதே ஷாம்பு புருவத்துக்கு ஆகுமா என்று கேட்டார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். புள்ளி அடியோடு நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. இசக்கி லைனிலேயே இருந்தாள், பெர்மனன்ட் லிஸ்டிலும் வந்தாள். ஷாம்பு கேட்ட அன்று கதவுவரை போன தனசேகர் திரும்பி வந்து சொன்னது இது: "மீட்டிங்ல புள்ளிக்கு ரூட் காஸ் கண்டுபிடிச்சாச்சுன்னு மட்டும் சொல்லிக்கிறேன், சிஸ்டர். யார் மூஞ்சின்னு கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

மறுபடியும்

சில மாதம் கழித்து ஆர்டர் குவிந்து எல்லோருக்கும் ஓவர்டைம் போட்டார்கள். தூக்கம் கெட்டது, வேர்வை கூடியது, சரியாகிவிட்டதே என்று இசக்கி ஷாம்புவையும் விட்டிருந்தாள். குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இது அடியோடு போகாதா என்று கேட்டாள். போகாது, அடக்கி வைக்கலாம், நன்றாக இருக்கும்போதும் வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றேன். எனக்கு அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அவளுக்கு அன்றுதான் காதில் விழுந்தது. "வேலைதான் பெர்மனன்ட் ஆயிருக்குன்னு எங்கம்மட்ட சந்தோசமா சொன்னேன்," என்றாள் குல்லாவைப் பார்த்துக்கொண்டு, "இதையும் சேத்துச் சொல்லணும் போலுக்கே, அக்கா."

இத்தனை தலைகளைப் பார்த்துவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் என் தலையைச் சொறிந்தபடி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்த அரிப்பை வேலையைவிட்டு அனுப்ப முடியாது, வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்து வைக்கத்தான் முடியும்.