கேசட் முடிந்த பிறகும்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை. ஒத்திகைக்கு ஒழுங்காக வராதவள் என்று இரண்டு இசைக்குழுக்கள் என்னைக் கழற்றிவிட்டன. போங்கடா என்று நானே ஒரு கீபோர்டு வாங்கினேன். பாட்டுக்கு வேண்டிய இசையை வீட்டில் வாசித்துக் கேசட்டில் பதிந்து, கல்யாண மண்டபங்களில் அதை ஓடவிட்டுத் தனியாகப் பாடினேன். எண்பதுகளின் கடைசியில் ஜார்ஜ்டவுனில் அப்படிப் பாடிய வேறு தமிழ்ப் பெண்ணை நான் பார்த்ததில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கேசட்தான் பாடுகிறது, இவள் வாயை மட்டும் அசைக்கிறாள் என்றார்கள். வாசிப்பதும் நான், பாடுவதும் நான், பேர் மட்டும் கேசட்டுக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு, கோயிலில் தாலி கட்டி முடிந்து மண்டபத்தில் மதிய விருந்து. மாப்பிள்ளையின் பெரியப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. நான் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் வந்தார்.

"கேசட்டுதான் பாடும்னா நாங்களே போட்டுக்குவோம்லா. நீ எதுக்கும்மா?"

பாடிக் காட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நுழைந்ததும் பாட்டுத் தொடங்க வேண்டும். மேடையில் உட்காரும்வரை நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் அபசகுனம் என்பார்கள். முந்தின வாரம் காலி மண்டபத்தில் நானே நடந்து பார்த்து, நான்கு நிமிடம் போதும் என்று பதிந்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல! மேசைக்கு மேசை அத்தைமார்கள் வழிமறித்துப் படம் எடுப்பார்கள் என்பது தோன்றவே இல்லை. ஜோடி பாதி வழி வருவதற்குள் இசை முடிந்துவிட்டது.

நான் வாயை மூடவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் கையால் தாளம் தட்டிக்கொண்டு பல்லவியை மறுபடி எடுத்தேன். முன்மேசைப் பெண்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். வெறும் குரலிலேயே முழுப் பாட்டையும் இன்னொரு முறை பாடி ஜோடியை மேடையில் உட்காரவைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை இன்றுவரை நான் மறைத்ததில்லை.

சாப்பாடு முடிந்து பெரியப்பா வந்தார்.

"அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம். நீதான் வந்து பாடணும். கேசட்டு வேணாம்மா."

"கேசட்டோடதான் வருவேன், அங்கிள்," என்றேன். "அதுல வாசிக்கிறதும் நான்தான்."