பொட்டு வைத்த விமான மூக்கு

கண்டிக் கடையொன்றின் கண்ணாடிக்குள் பளபளவென்று ஒரு கூம்பு. பொம்மை விமானத்துக் காற்றாடியின் நடுவே மூக்கு மாதிரி மாட்டுவார்களே, அது. பார்த்ததுமே, சின்ன வயதில் பார்த்த பொம்மை விமான இன்ஜினில் எரிபொருளோடு கலந்த ஆமணக்கெண்ணெய் புகைந்த வாசனை மூக்கில் வந்துவிட்டது.

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். சீமைக்குத் திரும்பிய துரை, தன் மகனின் குட்டி இன்ஜின் வைத்த பொம்மை விமானத்தைத் தேயிலைப் பெக்டரியில் இன்ஜின் ஓட்டிய என் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே மூன்று அளவில் மூன்று கூம்புகள். எதை மாட்டுவதென்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நானோ ஆயுத பூசையன்று விமானம் பறக்குமென்று தப்படிக்காத குறையாக லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பறக்காவிட்டால் மானம் போய்விடும்.

"எதுடா பொருத்தம்?"

"பெருசுதான் சித்தப்பா. பொட்டு வைக்க எடம் வேணும்ல?"

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. பூசையன்று பெக்டரி இன்ஜினுக்கு அப்புவதுபோலவே கூம்பின் ஒரு பக்கத்தில் சந்தனத்தைக் கட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தார். பிறகு லயமே கூடி நிற்கக் காற்றாடியைச் சுண்டினார். இன்ஜின் சாமி வந்ததுபோல ஆடியது. விமானம் நின்ற இடத்திலேயே நிற்க, கூம்பு மட்டும் கழன்று கூரையைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது.

அடுத்த வீட்டு மாரியாயி கேட்டாள்: "ஏன்டா, இப்ப பறந்துச்சா, பறக்கலையா?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பறந்துச்சு" என்றேன். பாதிப் பேர் கை தட்டினார்கள்.

"எந்த சைஸ் வேணுங்க ஐயா?" என்கிறார் கடைக்காரர்.

எனக்கு இன்னும் தெரியாது. வீட்டில் விமானமும் கிடையாது.

"பொட்டு வைக்க எடம் இருக்கறதா ஒண்ணு குடுங்க" என்கிறேன்.