காவலர் என்ற கட்டத்தில்

என் மாமனார் சோற்றில் கை வைக்குமுன் டைரியில் கை வைப்பார். கல்யாணமான புதிதில் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு விருந்துக்குப் போன அன்றே அதைப் பார்த்துவிட்டேன். ஹெலிகாப்டர் விழுந்து பகைவரிடம் சிக்கிய விமானப்படைக்காரர் அவர். போர்க்கைதி முகாமில் எழுதிய டைரியைப் பிரித்து, 'காய்ந்த ரொட்டி, தண்ணீர்ப் பருப்பு' என்று உரக்கப் படிப்பார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வதற்கான முன்னுரை அது. அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

முகாமில் அவர் பட்ட பாடு உண்மை. ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம் போட்டிருந்தார்: உணவு, உடல்நிலை, காவலர். அடி விழுந்த நாள்களில் கையெழுத்து கோணியிருக்கும். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடுதலையாகி வந்து, கல்யாணமும் செய்துகொண்டு, மிச்சமிருந்த தாள்களிலும் அதே மூன்று கட்டங்களைப் போட்டார். 'உணவு: கத்திரிக்காய்க் குழம்பு, காரம். உடல்நிலை: சுமார். காவலர்: காலையிலிருந்து முகம் கொடுக்கவில்லை.' காவலர் என்றால் என் மாமியார். அதையும் அவர் எதிரிலேயே படிப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். மாமியார் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் பேச்சே இல்லை. நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்.

போன மாதம் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று, காட்சிக்கூடம் திறக்கிறோம் என்று டைரியைக் கேட்டது. அவர் மகன், என் மைத்துனன், வாசலிலேயே அப்பா படம் மாட்டப்போகிறார்கள் என்ற பூரிப்பில் பிளேடோடு உட்கார்ந்துவிட்டான்.

"ஊட்டு மேட்டரு எதுக்கும்மா அவுங்களுக்கு? அத்த மட்டும் வெட்டிட்டு குட்துர்லாம்."

"வெட்டாத. குட்தா முழுசா குடு."

"ஊரு சிரிக்கும்மா."

"அவரு படிக்க சொல்ல நீ சிரிச்ச இல்ல? ஊரும் சிரிக்கட்டும்."

சங்கத்துச் செயலாளர் வந்தார், காபி குடித்தார், வீரரின் டைரியில் கத்திரிக்காய்க் குழம்பு பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னார். நான் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன். பக்க எண் போட்ட ஆவணத்தில் ஒரு தாளை உருவினாலும் அதற்கு மதிப்பில்லை என்றேன். இறந்தவரின் மனைவி கையெழுத்தில்லாமல் உங்கள் ஒப்படைப்புப் படிவம் செல்லாது என்பதையும், யாரும் கேட்காமலேயே, அடுப்படிவரை கேட்கும்படி சொல்லிவைத்தேன். பதவியில் இருந்த காலத்தில் விதியைச் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நெசந்தானா மாப்ளே? நான் கையெய்த்து போடாங்காட்டி இது போவாதா?"

"போகாது, அத்தை."

மாமியார், மைத்துனன் மடியிலிருந்த டைரியை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செயலாளரைப் பார்த்தார்.

"என்ன காவக்காரின்னு அவரே எய்தி வச்சிகீறாரு. காவக்காரி உடாங்காட்டி கைதி எப்டி சார் வெளிய போவாரு?"