யூனிஸின் கனகாம்பரம்

மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் யூனிஸ், இரவு டியூட்டி முடிந்து ஊட்டி காந்தலில் உள்ள தன் வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. பின்சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய கனகாம்பரம் வெந்த கீரைபோல் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் உப்பைத் தூவினாற்போல் உறைபனி. வேலைக்குக் கிளம்புமுன் அவள் செடிமேல் போர்த்திவிட்டுப் போன மிலார்த் தழைக் கொத்தும் சாக்கும் வேலியோரம் கிடந்தன.

ஊட்டிக் குளிரில் கனகாம்பரமா என்று தெருவே சிரித்த செடி அது. யூனிஸ் பிறந்த, பனி எட்டாத பந்தலூர் எஸ்டேட் லைன் வீடுகளில் அது கேட்பாரற்று வளரும். அக்காள் வீட்டிலிருந்து கிளை ஒடித்து வந்து இங்கே நட்டுப் பார்த்தாள். வருஷா வருஷம் பனி தின்றது. கடைசியில், வெந்நீர் அடுப்பின் சூடு சுவர் வழியே இறங்கும் இடமாகப் பார்த்து வைத்தாள். மார்கழி, தை முழுக்கச் சாயங்காலம் மூடினாள், வெயில் ஏறியபின் திறந்தாள். செடி பிழைத்தது, பூத்தும் காட்டியது.

ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் பவுல்ராஜ், கல்யாணமான புதிதில் பஜாரிலிருந்து முழம் முழமாய்ப் பூ வாங்கி வந்தவன்தான். புது சபையில் சேர்ந்தபின் நகை ஆகாது, பூ ஆகாது என்றான். கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள், வளையலையும் கொடுத்தாள். பூவை மட்டும் விடவில்லை.

"ஏனுங்க, மூடி வெச்சதை யாரு எடுத்தது?"

"நான்தான்." பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த பவுல்ராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "அது இருக்கற வரைக்கும் ஊட்டுல சமாதானம் இல்ல. கர்த்தருக்குச் சித்தம்னா பொழைக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஓ! உங்க ஆட்டோவுக்கு மட்டும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கறீங்க? அதைப் பாத்துக்க அவருக்கு நேரமில்லீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"செடிதானுங்க கருகிப்போச்சு. வாய் கருகல."

அடித்தண்டைக் கிள்ளிப் பார்த்தாள், உள்ளேயும் கறுப்பு. வேரைத் தோண்டினாள், கையில் கொழகொழத்தது. நாலு நாள் அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் கனகாம்பரம் வாங்கிக் கொண்டை நிறையச் சுற்றிக்கொண்டு, இதுவரை மிதிக்காத அந்தச் சபைக்கே போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாஸ்டரம்மா ஓடி வந்தார்.

"சிஸ்டர், பூவை எடுத்துட்டு உக்காருங்க. ஆராதனை நடக்குது."

"எடுக்கறதா வேண்டாமான்னு சாட்சி நேரம் முடிஞ்சப்புறம் நீங்களே சொல்லுங்கம்மா."

கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்ல யார் இருக்கிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டார். ஆண்கள் பக்கத்தில் பவுல்ராஜ் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். யூனிஸ் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"எங்க ஊட்டுக்காரர் செஞ்ச ஒரு காரியத்தைப் பத்திச் சாட்சி சொல்லணுங்க" என்றாள்.