வீடு பார்க்க வந்த ஐயா

...அதத்தானே நானும் சொல்றேன், அந்தக் கோடி வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காதும்மா. நேத்து பாசார்ல பாத்தேன். உம்பாய் கடல் மீனுதான் வேணும்னு மீன்காரன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறா, அதுக்கு நடுவுல ஒன் கதைய எங்கிட்ட கொட்டிட்டா. "பாட்டி, ஒங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு யுனிவர்சிட்டியில படிப்புக்கு உதவிப் பணம் கேக்குதாம், வீட்டப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லியிருக்காங்களாம், அதுக்கு அவங்கம்மா புதுசா திரைச்சீல வாங்கி மாட்டியிருக்காங்க"ன்னு. நெசமாம்மா? கஷ்டப்பட்ட வீடான்னு பாக்கத்தானே படம் கேக்குறான். நீ தீவாளிக்கு சோடிச்ச மாதிரி சோடிச்சு அனுப்புனா அவன் என்னத்த நெனப்பான்?

சிரிக்காத லா. நான் ஒன்ன ஏசல. எங்கம்மாவும் இதத்தான் செஞ்சுச்சு. எங்கம்மா மட்டுமா, எங்க தோட்டத்து லயமே சேந்து செஞ்சுச்சு. உக்காரு, இந்தக் கீரைய ஆஞ்சுக்கிட்டே சொல்றேன். பசியாறிட்டதானே? அப்ப என்ன அவசரம்.

இப்ப நாம பாச்சாங்ல கல்லு வீட்டுல இருக்கோம். அப்ப நாங்க மஸ்ஜித் தானா பக்கம் ரப்பர் தோட்டத்துல. கம்யூனிஸ்ட்டுக்காரங்க காட்டுக்குள்ள இருந்த காலம், டாருராட், அவசர காலம்னு சொல்லுவாங்களே, அது. லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி. கேட்டுல காவக்காரன். அரிசி அளந்துதான் குடுப்பான், காட்டுல இருக்கவனுக்குப் போயிரும்னு ஒரு புடி சோறு கேட்டத் தாண்டக் கூடாது. பால் மரம் வெட்டப் போறப்ப வெறும் வயிறுதான், ஒரு போத்தல்ல கோப்பி மட்டும். அதுலயும் சீனி இருக்கான்னு மோந்து பாப்பான் ஒருத்தன், பெரிய மீசை வச்சுக்கிட்டு. அவனுக்கு நாங்க வச்ச பேரச் சொன்னா நீ கீரையத் தூக்கி என் மேல போடுவ, வேணாம். சாயங்காலம் ஆபீஸ் சங்கு ஊதுச்சுன்னா அவங்கவங்க வீட்டுக்குள்ள போயிரணும். அப்புறம் விடியிற வரைக்கும் பக்கத்து வீட்டுக்குக்கூட போக முடியாது.

எங்கப்பா சப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவரு, திரும்பல. வீட்டுல அம்மா, அண்ணன், நான். நானும் அம்மாவும் மரம் வெட்டிப் பால் எடுப்போம். எனக்கு ஒரு எழுத்து தெரியாது, இப்பவும் தெரியாது. அண்ணன் மட்டும் படிப்புன்னா படிப்பு. அப்ப யுனிவர்சிட்டி சிங்கப்பூர்லதானே இருந்துச்சு, அங்க எடம் கெடச்சிருச்சு. மொதல் வருசத்துக்கு அம்மா தாலிக்கொடிய வித்துச்சு, கோயில்லயும் லயத்துக்காரங்க சேத்துக் குடுத்தாங்க. ரெண்டாவது வருசத்துக்கு ஒண்ணுமில்ல. அப்பதான் அண்ணன் உதவிப் பணத்துக்கு எழுதிப் போட்டுச்சு. அது கெடைக்காட்டி படிப்ப விட்டுட்டு நம்ம தோட்டத்து ஆபீஸ்லயே கணக்கு எழுத வந்துரும்னு பேச்சு. ஆபீஸப் பாத்துக்குற கிராணி அந்த வேலைய வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு.

நான் என்ன நெனச்சேன்னு கேளு. அந்த ஒரு வருசம் அண்ணன் இல்லாம நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். ரோட்டுல முக்காவாசி பட்டாளத்து லோரிதான் போகும். அந்தச் சத்தத்துலயும் எங்காவது பஸ் சத்தம் கலந்து வருதான்னு வாளியக் கீழ வச்சுட்டு நிப்பேன். அம்மா கண்ணுல பட்டா, "பால் ஒறையுதுடி, யாருக்குடி நிக்கிற?"ன்னு கத்தும். கத்திட்டு அதுவும் நிக்கும். முனியாண்டி கோயில்ல, அண்ணனுக்குக் கெடைக்கணும் சாமின்னு கும்புடுவேன். கும்புட்டுத் திரும்பறப்ப, கெடைக்காட்டிதான் என்ன, வீட்டோட இருக்கட்டுமேன்னும் ஒரு நெனப்பு ஓடும். சாமி எதக் கேட்டுச்சோ.

அண்ணன் லீவுக்கு வந்திருந்த நேரம், மலாக்கா டவுன்லேர்ந்து உதவிப் பணத்துக்காக ஒரு ஐயா வீடு பாக்க வர்றாருன்னு சேதி வந்துச்சு. அண்ணன் அம்மாகிட்ட படிச்சுப் படிச்சு சொல்லுச்சு. "அம்மா, அவரு நம்ம கஷ்டத்தப் பாக்க வர்றாரு. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் செய்யாத"ன்னு. "சரிடா, சரிடா"ன்னுச்சு அம்மா. அண்ணன் அவர அழைச்சுக்கிட்டு வர சிம்பாங்கு முச்சந்திக்குப் போச்சு. அது தல மறைஞ்சதுதான் தாமசம்.

பெரிய மனுசன் வர்றாரு, உக்கார ஒண்ணுமில்லாம பாயவா போடுறதுன்னு அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லுச்சு. ஒரு வார்த்ததாம்மா! கங்காணி வீட்டு ரோத்தான் பெரம்பு நாற்காலி வருது. கிராணி வீட்டுச் செவுத்துக் கடிகாரம் வருது. ஒருத்தி மேசத் துணி, ஒருத்தி பீங்கான் கோப்ப, எதிர் லயத்துச் சித்தப்பா கேஸ் லைட்டையே தூக்கிட்டு வர்றாரு, பட்டப் பகல்ல! ஆளுக்கு ஒரு கை ரேசன் அரிசி போட்டு சோறு வடிச்சாச்சு. அத்த வீட்டுச் சேவல் கொழம்பாயிருச்சு. கடைசியா அத்த தன் கழுத்துச் சங்கிலியக் கழட்டி என் கழுத்துல போட்டு, "வர்றவரு சின்ன வயசுக்காரரா இருந்தா யாரு கண்டா?"ன்னு கண்ணடிக்குது. பொண்ணு பாக்க வர்ற மாதிரிதான் ஆயிருச்சு போ.

காலையில வரவேண்டிய ஐயா. ரோட்டுல எதோ சோதனையாம், அவரு மோட்டார் காடிய நிறுத்திப் போட்டு, வந்து சேர்றப்ப பொழுது சாயுது. யாழ்ப்பாணத்து ஐயா, தல நரைச்சவரு, அத்த ஆச மண்ணாப் போச்சு. அண்ணன் அவரு பின்னாடியே உள்ள வந்து வீட்டப் பாத்துச்சு. அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கல. பேயறைஞ்சாப்புல நின்னுச்சு. அவரு முன்னாடி அம்மாவ ஏசவா முடியும்?

ஐயா நாற்காலியில உக்காந்தாரு. கடிகாரத்தப் பாத்தாரு. என் கழுத்தப் பாத்தாரு. "நல்ல வசதியாத்தான் இருக்கிறியள்"னாரு. அம்மாவுக்குப் பெருமை தாங்கல. "ஆமாங்கய்யா, ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையுமில்ல"ன்னுச்சு! அண்ணன் மெல்ல வாசப்படியில போயி உக்காந்துக்கிச்சு.

ஐயா சாப்புட்டாரு, கை கழுவுனாரு, பேனாவ எடுத்தாரு. அப்ப ஊதுச்சு பாரு சங்கு! அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் யாரும் யாரு வீட்டுக்கும் வர முடியாதே. லயமே ஓடி வருது. "அக்கா, என் கோப்ப!" "அண்ணி, லைட்டு, எங்க வீட்டுல இருட்டு!" கிராணி வீட்டுப் பொம்பள ஸ்டூலு மேல ஏறி கடிகாரத்தக் கழட்டுது. மேசத் துணிய ஒருத்தி உருவுறா, ஐயாவோட காயிதமெல்லாம் பறக்குது. அத்த என் கழுத்துல கைய விட்டுச் சங்கிலியக் கழட்டிக்கிட்டே, "ஐயா, கொழம்புல உப்பு சரியா இருந்துச்சா?"ன்னு கேக்குது. கடைசியா கங்காணி வந்து நாற்காலிக்குப் பின்னால நிக்கிறாரு. வாயத் தொறந்து கேக்க மாட்டேங்கிறாரு, செருமுறாரு, மறுபடி செருமுறாரு. ஐயா திரும்பிப் பாத்து, "என்னையும் சேத்துத் தூக்கப் போறியளோ?"ன்னு எந்திரிச்சாரு.

வீடு இப்ப வீடாச்சு. மூலையில சுருட்டி வச்ச பாயி, ஒரு தகரப் பெட்டி, மண்ணெண்ண வெளக்கு. ஐயா சுத்திப் பாக்குறாரு. எங்கம்மாவுக்கு வந்துச்சே ஒரு ரோசம். "தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. எல்லாம் எங்க சாமானுதான். பாவம் இல்லாதவங்க, எரவலுக்குக் கேட்டாங்க, குடுத்தனுப்புறேன்"ன்னுச்சு!

ஐயா வாயப் பொத்திக்கிட்டாரு. சிரிச்சாரா என்னான்னு தெரியல. கைய எடுத்துட்டு, "ஓம், அம்மா, விளங்குது"ன்னாரு. பொறுக்கியெடுத்த காயிதத்துல நின்னுக்கிட்டே என்னமோ எழுதுனாரு. வெளிய போறப்ப வாசப்படியில இருந்த அண்ணன் தோளுல கைய வச்சுட்டுப் போனாரு. அம்மா மிச்சக் கோழிக்கறியையும் சோத்தையும் கட்டிக் கையில குடுக்கப் போச்சு. "கேட்டுல என்னைப் பிடிச்சு வச்சிருவான் அம்மா"ன்னு கும்புட்டுட்டு, கேட்டப் பூட்டுறதுக்குள்ள ஓடுனாரு. அண்ணன் சாப்புட வரல. அந்தக் கறிய நானும் அம்மாவும் தின்னோம்.

கெடச்சிருச்சும்மா. சாமி எதக் கேக்கணுமோ அதத்தான் கேட்டிருக்கு. கிராணி காயிதத்தப் பிடிச்சுக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ளயே ஓடியாந்து சொன்னாரு. தன் ஆபீஸுக்கு ஆளு போச்சேன்னு அவருக்கு வருத்தம்கூட இல்ல. அம்மா சாகுற வரைக்கும் என்ன சொல்லுச்சு தெரியுமா? கோழிக்கறிக்குத்தான் கெடச்சுதுன்னு! எனக்கு அப்ப வந்த சந்தோசம் இருக்கே, வாளிப் பால் கவுந்தது தெரியாம குதிச்சேன். குதிச்சு முடிச்சப்புறம்தான் ஒறச்சுச்சு, அப்ப அண்ணன் போயிரும்னு.

போற அன்னிக்கு எனக்கு மரம் வெட்டு. லீவு கேட்டேன், குடுக்கல. தம்பின் ஊரு ரயில் ஸ்டேஷனுக்குப் போற பஸ்ஸு எங்க காட்டு ஓரமாத்தான் போகும். சன்னல்லேர்ந்து கைய காட்டுறேன்னு அண்ணன் சொல்லியிருந்துச்சு. பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு, ஓடுனேன். மரத்துக்கு நடுவுல செவப்பா என்னமோ போச்சு, அவ்வளவுதான். கை காட்டுச்சா இல்லையான்னு பாக்கல. காட்டியிருக்கும்.

படிப்பு முடிஞ்சு வடக்க அலோர் ஸ்டார்ல பெரிய வேல, அங்கயே கல்யாணம், அங்கயே வீடு. தீவாளிக்கு ரெண்டு நாளு வரும், மூணாம் நாளு போயிரும். இப்ப காதும் சரியாக் கேக்கல. போன்ல நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லும். "எப்பண்ணே வர்ற?"ன்னு கேட்டா, "ஆமா ஆமா, சாப்ட்டேன்"னுது! அந்தக் கொரலக் கேட்டாலே எனக்கு வயிறு நெறஞ்சிரும். ஆனா ஒரு மாசமாவது எங்கூட இருந்துட்டுப் போகணும்மா. லீவுல வந்த அந்த மாதிரி. நான் கோப்பி கலக்கிக் குடுக்கணும், அது தெனமும் சீனி பத்தலன்னு...

ஐயோ, மழ தூறுதே! மேல மொளகா காயுதும்மா, இந்தக் கீரையப் புடி, புடி, ஓடுறேன்!