ஒத்தை சீட்டுச் சம்பந்தம்

மூன்றாவது வண்டியின் பிரேக்கையும் நாகவேணி அமுக்கிப் பார்த்துவிட்டாள். "இது வேணாம், தாத்தா இருமற மாதிரி இருக்கு" என்று ஒதுக்கினாள். அடுத்த வண்டியின் டயருக்குச் செருப்புக் காலால் ஓர் உதை. அதற்கும் அடுத்ததில் ஏறி உட்கார்ந்து இரண்டு குதி. மனசுக்குப் பிடித்த இரண்டு வண்டிகள் கிடைத்ததும், இடுப்பில் செருகியிருந்த பூப்போட்ட கைக்குட்டைகளை எடுத்து வண்டிக்கொன்றாகச் சீட்டில் விரித்தாள். பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடித்துப் பழகிய கை அது.

பெங்களூர் கப்பன் பூங்காவின் மெட்ரோ வாசலில் வரிசையாக நிற்கும் இந்த வாடகை மின்வண்டிகளை, போனைக் காட்டித் திறக்கத் தெரிந்த யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். கைக்குட்டைக்கு அங்கே ஒரு மரியாதையும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற பையன்கள் அதைப் பார்த்தால் பக்கத்து வண்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒருவன் மட்டும் கைக்குட்டையை எடுத்துப் போட்டுவிட்டு ஏறப் பார்த்தான். "ஒரு கல்யாணத்த நிறுத்திட்டுப் போறியே தம்பி, பரவால்லியா?" என்று கேட்டாள். அவன் இறங்கி, மன்னிப்புக் கேட்டு, நடந்தே போய்விட்டான்.

நாகவேணி கல்யாணத் தரகி. வீடு மல்லேஸ்வரத்தில். அங்கேயே மளிகைக் கடை வைத்திருக்கும் கணவர், பேச்சில் தமக்குரிய பங்கையும் மனைவிக்கே விட்டுக்கொடுத்த நல்ல மனிதர். அவளிடம் மூன்று போன்கள் உண்டு. பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தில் அடித்தாலும் யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டுமென்று அவளுக்குக் குழம்பியதே இல்லை. அதே மூன்று போன்களைக் கொண்டுதான் ஞாயிறுதோறும் மூன்று வண்டிகளைத் திறக்கிறாள்.

வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பது அவளுக்கு வேப்பங்காய். அதற்குக் காரணம் ராஜாஜி நகரில் நடந்தது. உப்புமாவும் கேசரியும் முடிந்த பிறகு, "சின்னஞ்சிறுசுங்க தனியா பேசட்டும்" என்று இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெண்ணின் அத்தை நின்றிருந்தாள். துணி உலர்த்துகிற சாக்கில் பிள்ளையின் சித்தி கொடிக்கடியில் நின்றிருந்தாள். பையன் வியர்த்து விறுவிறுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "உங்க வீட்ல காவேரித் தண்ணி டெய்லி வருதா?" சம்பந்தம் அத்தோடு சரி.

அன்று திரும்பி வரும்போதுதான் மெட்ரோ வாசலில் இந்த வண்டிகளைப் பார்த்தாளாம். அதை என்னிடம் சொல்லும்போது இப்போதும் அவளுக்குக் குரல் ஏறிவிடும். "ஒத்த சீட்டு, அண்ணா! ஒத்த சீட்டு! இதுல அத்தை எங்க ஏறுவா?"

ஆகவே பிள்ளைக்கு ஒரு வண்டி, பெண்ணுக்கு ஒரு வண்டி. முதலில் பூங்காவுக்குள் ஒரு சுற்று, பிறகு ஊருக்குள். "மரத்தடில எல்லாரும் நல்லவங்கதான். டிராஃபிக்ல விட்டாதான் மனுஷன் தெரிவான்" என்பது அவள் சித்தாந்தம். இதற்காகத் தானும் ஐம்பது தாண்டிய பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட முதல் நாளில் இளநீர்க் குவியல் ஒன்றைக் கலைத்தாள். இளநீர்க்காரர் திட்டி முடிப்பதற்குள், அவருடைய தம்பிக்கு ஹாசனில் ஒரு பெண் இருப்பதைச் சொல்லிவிட்டாள்.

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பையைக் காலடியில் வைத்து, மூன்றாவது வண்டியில் அவள் பின்தொடர்வதைப் பார்க்க வேண்டும். ஜோடி தன்னை மறந்துவிடும் அளவுக்குத் தள்ளியும், தான் ஜோடியை மறக்காத அளவுக்கு ஒட்டியும் போவாள். திருப்பத்தில் பையன் திரும்பிப் பார்க்கிறானா? சிக்னலில் பெண்ணுக்காகக் காத்திருக்கிறானா? வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்கிறானா, இல்லை தெரிந்த மாதிரியே போகிறானா? இந்த மூன்றாவதில்தான் முக்கால்வாசிப் பையன்கள் தோற்கிறார்கள் என்கிறாள். நான் என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பெண்களுக்கும் அவளிடம் உபதேசம் உண்டு. "வேலையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதே. ஆம்பளப் பசங்களுக்குக் கொட்டாவி வந்துரும்." எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருக்கிறாள். வண்டி ஓடுகிற வரைக்கும் பேச்சு ஓடும், வண்டி நின்றால் சம்பந்தமும் நின்றது. கஸ்தூர்பா ரோட்டில் ஒரு பெண் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்துப் போன நாளில் பிறந்த விதி இது.

இத்தனை பேருக்கு முடித்துவைக்கிறவள் வீட்டிலேயே இருபத்தொன்பது வயதில் மகள் இருக்கிறாள். பெயர் ஸ்பூர்த்தி. மெட்ரோவில் ரயில் ஓட்டுகிறாள். வந்த வரன்களில் பாதிப் பேர், "நைட் டூட்டியெல்லாம் விட்டுருவாங்கதானே?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் அந்தக் கேள்வியை அம்மாவை விட்டுக் கேட்க வைத்தார்கள். ஒரு வீட்டில் ஸ்பூர்த்தி காபித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்ததை நான் அறிவேன். சொன்னதைச் செய்துவிடுகிற பெண். ஊரில் யாராவது "உங்க பொண்ணுக்கு எப்போ?" என்று கேட்டால் மட்டும் நாகவேணியின் மூன்று போன்களில் ஒன்று தானாக அடித்துவிடும்.

அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை பூங்கா வாசலில் மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவையில் நின்றாள். நான் வழக்கம்போல என் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் ஸ்பூர்த்தி ஜீன்ஸும் அதட்டலுமாக நின்றிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கண்டிஷன். நீ பின்னாடி வரக் கூடாது."

"நான் ஏன் வரப் போறேன்?"

"ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணு பின்னாடியும் போறே, எனக்கு வர மாட்டியா? வந்தேன்னு தெரிஞ்சுது, நின்ன எடத்துலயே முடிச்சுருவேன். இவர மட்டும் இல்ல, இனிமே எவரையும் பாக்க மாட்டேன். காதுல விழுந்துதா?"

"விழுந்துது, விழுந்துது. தெருவுல கத்தாதே."

"அங்கிள், நீங்க சாட்சி" என்றாள் ஸ்பூர்த்தி என்னைப் பார்த்து. பேப்பருக்குப் பின்னால் ஒளிய எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

பையன் நிரஞ்சன், ஷிமோகாவில் மாட்டு டாக்டர். நெட்டையான ஆள். இந்த வண்டியில் முதல் தடவை ஏறுகிறான். முழங்கால் இரண்டும் காதைத் தொடும்போல் இருந்தன. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வண்டியை வளைத்தான். "டாக்டர், அது கொம்பு இல்ல. மெதுவாத் திருப்புனாலே திரும்பும்" என்றாள் ஸ்பூர்த்தி. அவன் சிரித்தான். இருவரும் கிளம்பிப் போனார்கள். திருப்பத்தில் அவன் திரும்பிப் பார்த்தானா என்று கவனிக்க நாகவேணி கழுத்தை நீட்டி, எக்கி, கடைசியில் என் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள். அதற்குள் ஒரு நாய்க் கூட்டம் குறுக்கே போய் மறைத்துவிட்டது.

"போச்சு! முக்கியமான எடத்துல!" என்று இறங்கினாள். இறங்கின கையோடு போனை எடுத்தாள். மகள் ஓட்டுகிற வண்டியை நாகவேணி தன் போன் ஒன்றில்தான் திறந்திருந்தாள், அதனால் வண்டி போகிற பாதை வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாக ஊர்ந்தது. "பின்னாடி போகக் கூடாதுன்னுதானே சொன்னா? பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

அதற்கப்புறம் எனக்குப் பேப்பர் ஓடவில்லை. கிரிக்கெட் வர்ணனைதான். "பேண்டு ஸ்டேண்டு சுத்தியாச்சு! லைப்ரரி தாண்டியாச்சு! அண்ணா, வெளிய வந்துட்டாங்க, நிருபதுங்கா ரோடு! ரெண்டு புள்ளியும் ஒட்டி ஒட்டிப் போவுது பாருங்க!" இன்னொரு போனில் பையனின் புள்ளி. இரண்டு போன்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படபடத்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. கையில் இருந்த சுண்டல் பொட்டலத்தை எப்போது காலி செய்தேன் என்றே தெரியாது.

ஹட்சன் சர்க்கிளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் இரண்டு புள்ளிகளும் நின்றன.

"சிக்னல்" என்றேன்.

"சிக்னல்தான்" என்றாள். புள்ளிகள் நகரவில்லை. "பெரிய சிக்னல்." அப்போதும் நகரவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோயிற்று. போனைத் தட்டினாள், ஊதிப் பார்த்தாள், என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "டவுன் ஹால்கிட்ட நின்னுட்டாங்க அண்ணா. என்னமோ கேட்டிருக்கான். நைட் டூட்டியப் பத்திதான் கேட்டிருக்கான். இவ வண்டியப் போட்டுட்டு ஆட்டோ தேடறா. எனக்குத் தெரியும்."

"டீ குடிக்க நின்றிருக்கலாம்."

"நான் எத்தன ஜோடியப் பாத்திருக்கேன்! நின்னா நின்னதுதான்!" அதற்குள் மூன்றாவது போனால் ஒரு வண்டியைத் திறந்து ஏறிவிட்டாள். "எந்திரிங்க. சாட்சிதானே நீங்க? சாட்சி இல்லாம நான் எப்படிப் போறது?"

நான் இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவன். ஞாயிறுதோறும் அந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருநாள் கூட ஏறியதில்லை. அன்று ஏறினேன். என் போனில் திறந்து, கைப்பிடியைத் திருகியதும் வண்டி சத்தமே இல்லாமல் முன்னால் பாய்ந்தது. பாய்ந்ததும் பயம் போய்விட்டது. மூங்கில் புதர்கள், சிவப்புக் கட்டடங்கள், கீழே முழுக்க இளஞ்சிவப்புப் பூ, ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடின. என் நரைத்த தலையில் காற்று புகுந்து விளையாடியது. இத்தனை நாள் நடந்து நடந்து தேய்த்த பூங்கா இவ்வளவு பெரிசு என்றும், இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்றும் அன்றுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, வேறென்ன சொல்ல. முன்னால் மாம்பழ மஞ்சள் முந்தானை பறந்தது. "ஓரம்! ஓரம் போங்க சாமி! கல்யாணக் காரியம்!" என்று அவள் கத்தினாள். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் சிதறி வழிவிட்டார்கள். ஒருவர் பின்னாலிருந்து, "முகூர்த்தம் தப்பிருச்சாம்மா?" என்று கேட்டார்.

டவுன் ஹாலுக்கு எதிர்ப்புறம், நின்றிருந்த ஒரு டெம்போவுக்குப் பின்னால் வண்டிகளை ஒதுக்கினோம். நாகவேணி முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க பாருங்க. ஆட்டோ நிக்குதா?"

ஆட்டோ இல்லை. வாடகை வண்டிகளுக்கென்று கோடு போட்ட இடத்தில் இரண்டு வண்டிகளும் ஒழுங்காக நின்றன. கல்படிகளில் நிரஞ்சன் உட்கார்ந்திருந்தான். கையில் மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காய், கடிக்க மறந்தது. அவனுக்கு முன்னால் ஸ்பூர்த்தி நின்றுகொண்டு ரயில் ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். இடது கை ஏதோ ஒரு நெம்புகோலைத் தள்ளியது. உடம்பு வளைவில் சாய்ந்தது. கதவு மூடும் நேரத்தில் குடையை நீட்டும் ஒரு பயணியாகவும் அவளே ஆனாள். நிரஞ்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து எழுந்து, ஏதோ ஒரு மாடு உதைத்ததை அவன் நடித்துக்காட்ட, இப்போது ஸ்பூர்த்தி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேலையப் பத்திப் பேசறா!" என்று நாகவேணி கிசுகிசுத்தாள். அதில் கோபம் துளியும் இல்லை. கண் நிறைந்து, வாய் பிளந்து, தன் தொழிலின் எல்லா விதிகளும் எதிர்ச்சாரியில் உடைவதைப் பார்த்தபடி இருந்தாள். "இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லியே அண்ணா."

அப்போதுதான் நாகவேணியின் வண்டி கத்தியது. கோட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நிறுத்தினால் இவை கீச்சுக் கீச்சென்று அலறும், நகர்த்துகிற வரை விடாது. என் வண்டி எப்போது தொடங்குமோ என்று அதன் பக்கமும் ஒரு கண் வைத்தேன். நகரலாம் என்றால் அது ஒருவழிப் பாதை, படிகளுக்கு நேர் முன்னால்தான் போயாக வேண்டும். இரண்டாவது கீச்சுக்கு ஸ்பூர்த்தி பேச்சை நிறுத்தினாள். தலையைத் திருப்பி, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று எதிர்ச்சாரியைத் தேடினாள்.

"தள்ளிக்கிட்டுப் பின்னால போயிரலாம், வாங்க" என்று நான் நாகவேணியின் தோளைத் தொட்டேன்.

அவள் நகரவில்லை. வண்டியோடு டெம்போவின் நிழலில் குந்தி உட்கார்ந்தாள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுத்தும் பட்டின் முந்தானையை இழுத்து, அலறிக்கொண்டிருந்த வண்டியின் தலையைச் சுற்றிச் சுற்றி மூடி, இரண்டு கைகளாலும் அதை மார்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் படிகளின் பக்கமே வைத்திருந்தாள்.