செங்கொடியக்காவின் கடைசிக் கச்சேரி, முழுப் பதிவு

புளியந்தோப்பு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் குணசேகரன், நாற்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆனால் பேட்டையில் யாரும் அவரை அப்படிச் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. ‘செங்கொடியக்காவுக்கு டோலக் வாசிச்சவரு’ என்றுதான் சொல்வார்கள்.

செங்கொடி சாவு வீட்டில் கானா பாட ஆரம்பித்தவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவள் குரல் கேட்காத தெரு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. நூற்றுக்கணக்கான பாட்டும் மண்டைக்குள்தான். எப்போதாவது ஒரு அடி நழுவினால் இடது பக்கம் லேசாகத் திரும்புவாள். குணசேகரன் கை நிற்காமல், உதடு அசையாமல் அடுத்த அடியின் முதல் வார்த்தையைத் தள்ளிவிடுவார். அவள் பிடித்துக்கொள்வாள். இருபது வருடம் இப்படி ஓடியது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

2008 பொங்கலுக்கு ஒரு டிவி சேனல் அவள் கச்சேரியைப் படம் பிடிக்க வந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம், நாலு கேமரா. அதில் ஒரே ஒரு பாட்டையாவது தானே பாடவேண்டும் என்று குணசேகரனுக்கு ஆசை. அக்காவிடம் கேட்டார். “பாட்றா கொணா, நீ பாடாம எவன் பாடுவான்?” என்றாள். டிவிக்காரர் வந்து, நேரம் இல்லை, அம்மா மட்டும் பாடட்டும் என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

கச்சேரி முடிய மூன்று பாட்டு பாக்கி. கிரேன் சங்கிலி அறுந்து மூட்டை விழுந்து செத்துப்போன கூலிக்காரனைப் பற்றிய பாட்டு. நாலாவது அடியில் அவளுக்கு நழுவியது. இடது பக்கம் திரும்பினாள். அந்த வார்த்தை குணசேகரனின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் தலையைக் குனிந்து டோலக்கைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். இன்னொரு முறை திரும்பினாள். அவர் நிமிரவில்லை. பிறகு அவளே சிரித்து, “வயசாயிப்போச்சுபா, மன்னிச்சுக்கோ” என்று கூட்டத்தைக் கும்பிட்டாள். கூட்டம் கை தட்டியது.

நாற்பத்தோரு நாள் கழித்து, மூளையில் ரத்தம் கசிந்து செங்கொடி செத்துப்போனாள். மறதி அப்போதே ஆரம்பித்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குணசேகரனும் ஆமாம் என்றார்.

அந்த வருடமே கச்சேரி விசிடியாக வந்தது. டோல்கேட் கடையில் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். அந்தப் பாட்டையே வெட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது. மூன்று வருடம் கழித்து டிவிடி வந்தது. அதில் பாட்டு இருந்தது, ஆனால் அவள் தடுமாறும் நேரத்தில் கேமரா கூட்டத்தின் பக்கம் போயிருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. அதன் பிறகு டோலக்கைப் பரணில் போட்டுவிட்டார். கை வலி என்று சொல்லிக்கொண்டார்.

போன வருடம் அந்தச் சேனலின் பழைய டேப்புகளை யாரோ வாங்கி, நாலு கேமராவில் எடுத்ததையும் சேர்த்துச் சுத்தம் செய்து, ‘முழுப் பதிவு’ என்று டிவிடி பெட்டியாகவும் பென் டிரைவாகவும் விட்டார்கள். குணசேகரனின் மகள் அன்புக்கரசி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், முதல் ஆளாக வாங்கி வந்தாள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பகலவன், அம்பேத்கர் பிறந்தநாள் சாயங்காலம் முற்றத்தில் திரை கட்டிப் போடுவதாகச் சொன்னார்.

“நான் வரல. முட்டி வலிக்குது” என்றார் குணசேகரன்.

“சேர் போட்டு ஒக்கார வெக்கிறேன் நைனா. ஒனக்குத்தானே பொன்னாடை” என்று இழுத்துக்கொண்டு போனாள் மகள்.

பொன்னாடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்தது. இந்த முறை பக்கவாட்டுக் கேமரா. செங்கொடி திரும்புகிறாள். கண் அவரைத் தேடுகிறது. உதடு “கொணா” என்கிறது. திரை நிறைய, குனிந்த தலையோடு குணசேகரன். அவர் எழுந்து ஓடத் தயாரானார்.

பின்னாலிருந்து பகலவனின் குரல் தழுதழுத்தது. “பார்யா! அக்கா மறந்துட்டத தாங்க முடியாம அந்த மனுசன் தலய குனிஞ்சிகினு அயுவுறாரு!”

முற்றம் முழுக்கக் கை தட்டியது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மறுநாள் அந்த வீடியோத் துண்டு பேட்டை முழுவதும் செல்போனில் சுற்றியது. ‘இதுதான் பாசம்’ என்று அன்புக்கரசி ஸ்டேட்டஸ் வைத்தாள். டீக்கடையில் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு கையும் சுட்டது.

ஒரு வாரம் தாங்கினார். பிறகு கொடுங்கையூருக்கு பஸ் ஏறினார். செங்கொடியின் மகள் மதி அங்கே ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். குப்பைமேட்டுப் புகைக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தாள். உட்காரச் சொல்லுமுன் அவர் சொல்லிவிட்டார்.

“மதி, அன்னிக்கு நான் அயுவல. எனக்கு அந்த வார்த்தை தெரியும். கோவத்துல குடுக்கல.”

மதி அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு வூட்டுக்கு வந்து அம்மா அந்தப் பாட்ட எத்தினி வாட்டி பாடிப் பாத்துச்சு தெரியுமா மாமா? ஒரு வாட்டியும் தப்பல. ‘தனியா வருது, மேடையில போயிடுது, எனக்கு மூள கெட்டுப்போச்சுடி’ன்னு சொல்லிகினே இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு எடத்துல கூப்ட்டாங்கோ. பயந்துகினு போவல.”

குணசேகரனுக்கு அது தெரியாது. அக்கா ஓய்வெடுக்கிறாள் என்றுதான் அந்த நாற்பத்தோரு நாளும் நினைத்திருந்தார். போய்ப் பார்க்கவுமில்லை.

“என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா?”

“கொறையா ஒன்னியும் சொல்லல. நீயும் அந்த வார்த்தைய மறந்துட்டேன்னு நெனச்சுகினு இருந்துச்சு. ‘பாவம், கொணாவுக்கும் வயசாவுது’ன்னுச்சு.”

அவர் காலில் விழக் குனிந்தபோது மதி பின்னால் நகர்ந்தாள்.

“வாணாம் மாமா. நான் இன்னா சொல்லணும்னு எதிர்பாக்குற? எனக்குத் தெர்ல. ஒன் வூட்ல சொல்லிட்டியா?”

“இல்ல.”

“போய் அங்க சொல்லு.”

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொன்னாடையை நாற்காலி மேல் வைத்தார். “பகலவன்கிட்டயும் நானே சொல்லிடுறேன்” என்றார்.

அன்புக்கரசி ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள்.

மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது “வரேன் நைனா” என்று சொல்லவில்லை. அவர் பகலவன் வீட்டுக்குப் போய்த் திரும்பினார். பகலவன் “வுடு நைனா, பயய கத” என்றார், ஆனால் தெருவில் ஒன்றிரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

“சாப்ட்டியா?”

“இன்னும் இல்ல.”

அடுப்பைப் பற்றவைத்தாள்.